மூச்சை அடக்காதே

இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு அருகே ஸ்டோனி ஸ்டாண்டன் என்றொரு கிராமம். அதன் ஓரத்தில் இருந்த கருங்கற் குவாரியில் தலைமுறை தலைமுறையாகக் கல் உடைத்தார்கள். பள்ளம் ஆழப்பட ஆழப்பட அடியில் ஊற்று சுரந்துகொண்டே இருந்ததால், ஒருபக்கம் நீரை இறைத்தபடிதான் மறுபக்கம் பாறையைத் தகர்க்க முடிந்தது. 1958இல் வேலை நின்றது, இறைப்பும் நின்றது. பள்ளம் நிரம்பி ஏரியாகிவிட்டது. ஸ்டோனி கோவ் என்ற பெயரில் இன்று அது பிரித்தானியாவின் பெயர்பெற்ற சுழியோடற் பயிற்சித் தலம்.

கல் உடைத்தவர்கள் தட்டுத் தட்டாக வெட்டி இறங்கியது பிறகு வந்தவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. முதல் தட்டு ஆறு, ஏழு மீற்றரில் இருக்கிறது. அடுத்தது இருபது மீற்றரை ஒட்டி. அடித்தளம் 35 மீற்றர் அளவில். புதியவர் முதல் தட்டைத் தாண்டுவதில்லை; பழகியவர் அடுத்ததற்கு இறங்குவார். வட கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய காலத்தில் அந்த வேலைக்குப் போன தொழில்முறைச் சுழியோடிகளும் இங்கே பயிற்சி பெற்றார்கள். 1910இல் கட்டிய ஸ்டேன்கார்த் என்ற இழுவைக் கப்பலை 2000ஆம் ஆண்டில் இதற்குள் அமிழ்த்தினார்கள், சுழியோடிகள் சுற்றிப் பார்ப்பதற்காகவே.

இலங்கையின் கல்முனைப் பக்கத்திலிருந்து போய் இங்கிலாந்தில் குடியேறிய என் நண்பர்கள் வார இறுதிகளில் இந்தக் குவாரிக்குப் போவார்கள். ஒருவர் மருதமுனை, ஒருவர் சாய்ந்தமருது, ஒருவர் சொறிக்கல்முனை. தண்ணீருக்குப் பயந்தவர்கள் யாரும் இல்லை. மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆற்றிலும் குளத்திலும் வாய்க்காலிலும் தாமாகவே நீந்தப் பழகியவர்கள். சிறுவயதில் அவர்களுக்கிடையே இருந்த போட்டியும் ஒன்றுதான்: யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது?

அந்தப் போட்டியில் எப்போதும் வென்ற சொறிக்கல்முனைக்காரர்தான் குவாரியில் அதிகம் சிரமப்பட்டார். நானும் அன்று கூட இருந்தேன். முதல் தட்டில் எல்லோரும் முழந்தாளிட்டு இருந்தோம். பயிற்றுநர் கை காட்டியதும், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்த கணம் முதல் திரும்ப வைக்கும்வரை உதட்டைச் சற்றே திறந்து, சிறு சிறு குமிழிகளாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நண்பர் எடுத்தார். கன்னம் உப்பியது, உதடுகள் இறுகின, ஒரு குமிழிகூட வரவில்லை. பயிற்றுநர் தன் உதட்டைச் சுட்டிக் காட்டிக் குமிழி விட்டுக் காண்பித்தார். நண்பர் தலையாட்டிவிட்டு மறுபடியும் அதையேதான் செய்தார். கரையேறியதும் சொன்னார்: “மூச்சைப் பிடிக்காத எண்டு சொல்றான் மச்சான். நாங்க சின்ன வயசில இருந்து பழகினதே அதுதானே.”

அவர் பழகியதில் பிழை இல்லை. வெறும் மூச்சோடு முங்குபவருக்கு அது சரியான பழக்கம். முதுகில் சிலிண்டர் ஏறியதும் அதே பழக்கம் உயிருக்கு உலை வைக்கிறது. ஏன் என்று விளங்கிக்கொள்ள எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை.

நம் தலைக்கு மேல் பல கிலோமீற்றர் உயரத்துக்கு நிற்கும் வளிமண்டலம் தரும் அமுக்கத்தை வெறும் பத்து மீற்றர் கடல்நீர் தந்துவிடும். மேற்பரப்பில் ஒரு வளிமண்டலம் என்றால் பத்து மீற்றரில் இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. அமுக்கம் கூடும் விகிதத்தில் வாயுவின் கனவளவு குறையும் என்று 1662இல் றொபேட் போயில் சொன்னார். ஆறு லீற்றர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு முங்குபவரிடம் பத்து மீற்றரில் அது மூன்று லீற்றராகச் சுருங்கியிருக்கும். மேலே வந்ததும் மீண்டும் ஆறு. போகும்போது கொண்டுபோனதற்கு மேல் நெஞ்சுக்குள் ஒன்றும் சேர்வதில்லை. ஆகவே வரும்போது நெஞ்சு கிழிய வழியில்லை. மன்னாரில் முத்துக் குளித்தவர்கள் கல்லின் பாரத்தில் இறங்கி, சிப்பியைப் பொறுக்கிக் கூடையில் இட்டு, கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்கப்பட்டார்கள். காது போனவர்கள் உண்டு, மூச்சு முட்டி மாண்டவர்கள் உண்டு. ஏறும் வழியில் நுரையீரல் ஊதிக் கிழியும் ஆபத்து மட்டும் அவர்களுக்கு இருக்கவில்லை.

1943இல் யாக் கூஸ்தோவும் எமில் கானியானும் பிரான்சில் உருவாக்கிய கருவி இந்தக் கணக்கை மாற்றியது. யுத்தகாலத்தில் பெற்றோல் இல்லாமல் வாயுவில் ஓடிய மோட்டார் வாகனங்களுக்காகக் கானியான் ஒரு வால்வு செய்திருந்தார். அதைத் திருத்தித்தான் சுழியோடிக்கான ரெகுலேட்டரைச் செய்தார்கள். இழுக்கும்போது மட்டும் காற்றைத் திறந்துவிடும். அதுவும் அந்த ஆழத்தில் உள்ள நீரின் அமுக்கத்துக்குச் சமமான அமுக்கத்தில். பத்து மீற்றரில் நெஞ்சு நிறைய இழுத்தால் ஆறு லீற்றர் நுரையீரலுக்குள் மேற்பரப்புக் கணக்கில் பன்னிரண்டு லீற்றர் காற்று போய் உட்காரும். மூச்சை அடக்கியபடி ஏறினால் அந்தப் பன்னிரண்டும் ஆறு லீற்றர் இடத்துக்குள் விரியப் பார்க்கும். நுரையீரல் அவ்வளவு தாங்காது. நெஞ்சு நிறைந்த காற்றோடு ஒரு மீற்றர் சொச்சம் ஏறினாலே கிழிந்துவிடக்கூடும். கிழிந்த இடத்தால் இரத்தத்துக்குள் புகுந்த குமிழிகள் இதயத்தைக் கடந்து மூளைக்குப் போய் இரத்தக் குழாயை அடைக்கும். மேலே வந்து சில நிமிடங்களுக்குள் ஆள் மயங்கி விழுவார்.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. நாற்பது மீற்றரிலிருந்து முப்பதுக்கு ஏறினால் காற்றின் கனவளவு கால்மடங்குதான் கூடும். பத்து மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு ஏறினால் இரண்டு மடங்காகும். ஏறவேண்டிய தூரம் இரண்டிலும் பத்து மீற்றர்தான். ஆழந்தான் ஆபத்து, கரையோரம் பயமில்லை என்ற நம் எண்ணம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. நீந்தத் தெரிந்தவர் ‘வெளிச்சம் தெரியுது, மேலே இன்னும் கொஞ்சந்தான்’ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உந்தும் அந்தக் கடைசிப் பத்து மீற்றர்தான் மிகவும் பொல்லாதது. முதல் தட்டிலேயே பயிற்றுநர்கள் பிடிவாதமாக நிற்பதன் காரணம் இதுதான்.

இறங்கும்போது இதே விதி காதைப் பிடிக்கும். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று சுருங்க, பறை உள்ளே இழுபடும். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து சமன்படும். வலிக்கத் தொடங்கிய பிறகு ஊதிப் பயனில்லை. வலிக்கு முன்பே, மீற்றருக்கு ஒருமுறையாவது ஊத வேண்டும். தடிமன் இருக்கும் நாளில் இறங்கவே கூடாது.

கடலைக் காட்டிலும் குவாரித் தண்ணீர் சில பாடங்களைத் தெளிவாகக் கற்றுத் தருகிறது. அலையில்லை, நீரோட்டமில்லை; நாம் செய்யும் பிழை வேறெதிலும் கலக்காமல் நம் முன்னாலேயே நிற்கும். அடியில் படிந்திருக்கும் கல்மாவு ஒருவர் துடுப்புக் காலை ஓங்கி அடித்தால் மேகமாய் எழும்பி, பின்னால் வருபவரின் கண்ணை மறைத்துவிடும். அதனால் தவளைபோல் காலை அகட்டிப் பின்னுக்குத் தள்ளும் நீச்சலைப் பழக்குகிறார்கள். நன்னீருக்கும் உப்புநீருக்கும் உள்ள வேறுபாடும் அங்கேதான் உடம்புக்குத் தெரியவரும். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது. உடம்பும் சாமானுமாக நூறு கிலோ வரும் ஒருவருக்குக் கடலில் இரண்டரைக் கிலோ மேலுதைப்பு கூடுதலாகக் கிடைக்கும். கடலுக்குக் கட்டிய ஈயக் கட்டியை அப்படியே கட்டிக்கொண்டு குவாரியில் இறங்கினால் கீழே இழுபடுவார். குவாரிக் கணக்கில் கடலில் இறங்கினால் மிதந்துகொண்டே இருப்பார்.

மேலுதைப்பைக் கையாள்வதுதான் இந்தக் கலையின் இனிமையான பகுதி. எல்லாம் சரியாக அமைந்த நிலையில், மேலும் போகாமல் கீழும் போகாமல் நீருக்கு நடுவே நிற்கலாம். மூச்சை இழுத்தால் ஒரு சாண் உயர்வோம், விட்டால் ஒரு சாண் தாழ்வோம். 1956இல் இலங்கையில் வந்து குடியேறிய ஆர்தர் சி. கிளார்க்கைச் சுழியோடலுக்கு இழுத்ததும் இந்த நிறையின்மைதான். விண்வெளிக்குப் போகாமலே விண்வெளி வீரனின் அனுபவத்தை அவர் கடலுக்குள் தேடினார். அவரும் மைக் வில்சனும் அந்த ஆண்டிலேயே திருகோணமலைச் சுவாமி மலையடியில், போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைத் தண்ணீருக்குள் கண்டார்கள்.

கோடைநாளில் குவாரிக்குள் இறங்கினால் இன்னொன்றை உடம்பே அளந்து சொல்லும். வெயில் பட்ட மேல்நீர் பதினேழு, பதினெட்டுப் பாகை இருக்கும். சில மீற்றர் போனதும் கையளவு தூரத்துக்குள் சட்டென்று குளிர் மாறும். அந்த எல்லையில் சூடான நீரும் குளிர்ந்த நீரும் ஒளியை வெவ்வேறு அளவில் முறிப்பதால் எதிரே நிற்பவரின் உருவம் நெளிந்து தெரியும். சூடான நீர் அடர்த்தி குறைந்தது, மேலேயே நிற்கும். அலையும் ஓட்டமும் இல்லாததால் கலக்க ஆளில்லை. நீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு அளவில் வேகமாகக் கடத்திக்கொண்டு போகும். குளிரில் விரல் மரத்தால் கொளுவியைக் கழற்ற முடியாது, வால்வைத் திருக முடியாது. தடித்த உடை போடாமல் அங்கே இறங்கக் கூடாது.

தண்ணீருக்குள் பேச்சில்லை. ஒலி அங்கே காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாக ஓடுவதால் இரண்டு காதுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேரும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று மூளைக்குப் பிடிபடாது. ஆகவே கைச்சைகைதான். பெருவிரலை உயர்த்தினால் ‘நல்லாயிருக்கு’ என்று பொருளல்ல, ‘மேலே போவோம்’ என்று பொருள். யார் காட்டினாலும் மற்றவர் கேள்வி கேட்காமல் ஏற வேண்டும். இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும். ஒருவரின் காற்று தீர்ந்தால் மற்றவரின் உதிரி ரெகுலேட்டர்தான் அவருக்கு மூச்சு. நண்பர்களோடு போவதன் முழுப் பொருளும் இதில் இருக்கிறது. நல்ல நண்பன் என்பதற்காக மட்டும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. தன் காற்றுமானியைப் பார்ப்பவனும் உன் காற்றுமானியைக் கேட்பவனுமே துணை.

அந்த மானியின் கணக்கும் ஆழத்தோடு மாறும். பன்னிரண்டு லீற்றர் சிலிண்டரில் இருநூறு வளிமண்டல அமுக்கத்தில் அடைத்த காற்று, வெளியே விட்டால் 2,400 லீற்றர். நிமிடத்துக்கு இருபது லீற்றர் மூச்சு வாங்குபவருக்கு மேற்பரப்பில் இரண்டு மணித்தியாலம் வரும். பத்து மீற்றரில் ஒரு மணித்தியாலம். முப்பதில் அரை மணித்தியாலம். பதறி மூச்சு வாங்கினால் அதிலும் பாதி.

இதுவரை சொன்னது மூச்சின் கதை. இரத்தத்தின் கதை இதைவிட மெதுவாக நடப்பது. நம் கரையில் அதிகம் கண்ணீர் விடவைத்ததும் அதுதான் என்பது என் எண்ணம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். மேற்பரப்பில் அது நமக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆழத்தில் அமுக்கம் கூட, அதற்கேற்ப நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து சேரும். மெல்ல ஏறினால் வந்த வழியே நுரையீரலால் வெளியேறிவிடும். விரைந்து ஏறினால் கரைந்த இடத்திலேயே குமிழியாகும். மூட்டில் குமிழித்தால் குத்துவலி. முள்ளந்தண்டுக்குள் குமிழித்தால் இடுப்புக்குக் கீழே உணர்விழப்பு. நியூயோர்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு அத்திவாரம் போட, அமுக்கிய காற்று நிரம்பிய பெட்டகத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்களை இந்த நோய் முடக்கிப்போட்டது. தலைமைப் பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872இல் அதற்கு இரையாகி, மிச்ச வேலையை வீட்டிலிருந்தே நடத்த வேண்டியதாயிற்று.

ஜோன் ஸ்கொட் ஹால்டேன் பிரித்தானியக் கடற்படைக்காக ஆடுகளை அமுக்க அறைக்குள் வைத்துச் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர் எங்கெங்கே தங்கி ஏற வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார். இன்று சுழியோடியின் மணிக்கட்டில் இருக்கும் சிறு கணினி செய்வதும் அடிப்படையில் அந்தக் கணக்கைத்தான். பொழுதுபோக்குச் சுழியோடி நிமிடத்துக்கு ஒன்பது, பத்து மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது. ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தங்க வேண்டும். குவாரியில் அந்த மூன்று நிமிடமும் கயிற்றைப் பிடிக்காமல் ஒரே ஆழத்தில் நின்று காட்டச் சொல்வார்கள். முதல் நாளில் யாராலும் முடியாது.

இலங்கையின் வடக்கிலும் வடமேற்கிலும் கிழக்கிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நீச்சலில் அவர்களை வெல்ல ஆளில்லை. கரையோரத்தில் அட்டை குறையக் குறைய ஆழம் கூடுகிறது. ஒரு நாளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிலிண்டர்கள் காலியாகின்றன. ஒவ்வொரு இறக்கத்திலும் கரைந்த நைதரசன் அடுத்ததற்கு மிச்சமாக நிற்கிறது. கணினியும் இல்லை, அட்டவணையும் இல்லை. இப்படி இறங்கிக் கால் விளங்காமல் போனவர்கள் நம் கரைகளில் இருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் ஒரு குடும்பத்தின் உழைப்பாளி படுக்கையில் விழுகிறார். கடல் அடித்து விழுத்தியிருந்தால் விதி என்று சொல்லலாம். இது சொல்லிக்கொடுக்காததால் வந்தது. ‘மூச்சை அடக்காதே, மெல்ல ஏறு, ஐந்து மீற்றரில் நில்’ என்ற மூன்றையும் பழக்க 35 மீற்றர் குவாரி வேண்டாம். நான்கு மீற்றர் ஆழமான ஒரு நீச்சல் தடாகத்திலேயே முதலாவதை உடம்பில் ஏற்றிவிடலாம். மீன்பிடிச் சங்கங்கள் வலைக்கும் இயந்திரத்துக்கும் கேட்பதுபோல் இதையும் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை வாசித்துவிட்டு யாரும் நம் பக்கத்தில் கைவிட்ட கற்குழிகளில் இறங்கிப் பார்க்க நினைக்கக் கூடாது. செங்குத்தாக வெட்டிய சுவரில் கால்வைத்து ஏற இடமிருக்காது. அடியில் இரும்புக் கம்பியும் வடமும் வெட்டிப்போட்ட மரமும் கிடக்கலாம். கலங்காத கீழ்நீரில் ஒட்சிசன் தீர்ந்து, அழுகல் வாயு சேர்ந்திருக்கலாம். ஸ்டோனி கோவ் குவாரியில் படிக்கட்டு, பதிவு, மீட்பாளர், ஒட்சிசன் எல்லாம் உண்டு. அத்தனையும் இருந்தும் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

நம் கரைக்கென்று இயற்கையும் யுத்தமும் விட்டுவைத்த பாடசாலை வடக்கே இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அன்றே, அங்கிருந்து தெற்கே விலகி வந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு நேரே கடலில் மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அது. அன்று அதில் தன் விமானம் ஒன்றுகூட இருக்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அறுநூறு பேரளவில் மீட்டது. ஹேர்மிஸ் இன்று ஐம்பது மீற்றருக்கும் கீழே சரிந்து கிடக்கிறது.

அங்கே அமுக்கம் ஆறு வளிமண்டலத்துக்கு மேல். மேற்பரப்பில் இரண்டு மணித்தியாலக் கணக்குச் சொன்ன அதே சிலிண்டர் அங்கே இருபது நிமிடத்துக்கும் காணாது. அந்த அமுக்கத்தில் நைதரசன் வெறியூட்டும்; மானியில் முள்ளைப் பார்ப்பார், அது என்ன சொல்கிறதென்று விளங்காது. அதனால்தான் நைதரசனில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஈலியம் கலந்த வாயுவோடு, சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் இறங்குகிறார்கள். பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை நாற்பது மீற்றர். ஹேர்மிஸ் அதற்கு அப்பால். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கத்தில் ஏறத்தாழ 25 மீற்றரில் கிடக்கிறது. குவாரியில் இரண்டாம் தட்டுவரை ஒழுங்காகப் பழகியவருக்கு அது எட்டக்கூடியது. வாடைக்காற்று ஓய்ந்து, சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைதான் இந்தக் கடல் இடம் கொடுக்கும். என் நண்பர்கள் ஊருக்கு விடுமுறையில் வரும் காலமும் அதுதான். சொறிக்கல்முனைக்காரர் ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்பதை அங்கே நான் பார்த்திருக்கிறேன். குமிழிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன.

சிலிண்டரோடு இறங்கி ஏறியவருக்கு அன்றோ மறுநாளோ மூட்டு வலித்தாலும், கால் மரத்தாலும், சிறுநீர் போகாவிட்டாலும், தலை சுற்றினாலும் களைப்பென்று படுக்கவிடக் கூடாது. மல்லாத்திப் படுக்கவைத்து, சுத்தமான ஒட்சிசனை மூக்கும் வாயும் மூடும் முகமூடியால் கொடுக்க வேண்டும். திரும்பத் தண்ணீருக்குள் இறக்கிக் குணப்படுத்தப் பார்ப்பது ஆளைக் கொல்லும் வேலை. விமானத்தில் ஏற்றக் கூடாது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் மறு அமுக்க அறை இருக்கிறது. கல்முனையிலிருந்து தரைவழியாக 150 கிலோமீற்றருக்கு மேல். அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதுமே ‘இவர் சிலிண்டரோடு சுழியோடியவர்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், எத்தனை தடவை, கடைசியாக ஏறியது எத்தனை மணிக்கு, ஒட்சிசன் தொடங்கியது எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதி அவரோடு கொடுத்தனுப்புங்கள்.